ராஜிந்தர் சிங் பேடி: ஒரு திருத்தமும் ஒரு வேண்டுகோளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டுப் பிரிவினையை எழுதிய படைப்பாளிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். உருதுச் சிறுகதையாசிரியர் சாதத் ஹசன் மண்டோவுக்கு அதில் அளிக்கப்பட்டிருந்த இடம் அவருக்கு முழுவதும் உரியது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ராஜிந்தர் சிங் பேடிக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியிலும் அவர் ‘இந்தித் திரைப்பட வசனகர்த்தா’ என்றே குறிப்பிடப்பட்டிருந்தார். அவர் வசனம் எழுதியது உண்மைதான். ஆயினும் உருதுச் சிறுகதையை மண்டோ, கிருஷண் சந்தர், இஸ்மத் சுக்தாய் ஆகியோரோடு சேர்ந்து தூக்கி நிறுத்தியவரும், வானொலிக்கென்றே நாடகங்கள் எழுதி இரு தொகுப்புகளாக வெளியிட்டவருமான ஒருவரை அந்த ஒரு சொல்லில் அடக்கிவிடுவது நியாயமாகாது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டதற்குப் பொறுத்தருள வேண்டும்.

அஞ்சல் துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இடையில் சில ஆண்டுகள் ராணுவ அஞ்சல் சேவைக்கு அனுப்பப்பட்டு வடக்கே இருந்தபோது இந்தி படிக்கக் கற்றுக்கொண்டேன். அங்கே ஒரு பழைய புத்தகக் கடையில் தேவநாகரி எழுத்தில் அச்சிட்ட பேடியின் கதைத் தொகுப்பு ஒன்று கையில் அகப்பட்டது. ஆசிரியர் அறிமுகத்தில் ‘லாகூர் தபால் நிலையத்தில் குமாஸ்தாவாக இருந்தவர்’ என்றிருந்தது. அந்த ஒரு வரிக்காகவே அதை வாங்கினேன்.

பேடி 1915 செப்டம்பர் 1 அன்று பிறந்தார். இன்று பாகிஸ்தானில் உள்ள சியால்கோட் மாவட்டத்தைச் சேர்ந்த குடும்பம். தந்தையும் தபால் துறைக்காரர். தாய் நெடுநாள் நோயாளியாக இருந்தவர். அவருடைய கட்டிலருகே அமர்ந்து தந்தை கதைப் புத்தகங்களை வாசித்துக் காட்டுவார் என்றும், சிறுவன் பேடி பக்கத்தில் இருந்து அவற்றைக் கேட்டு வளர்ந்தார் என்றும் அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் காண்கிறோம். தாய் இறந்த பிறகு கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு 1933இல் லாகூரில் தபால் குமாஸ்தா ஆனார். அடுத்த ஆண்டு, பத்தொன்பது வயதில், திருமணம். ஏறத்தாழப் பத்தாண்டுகள் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார்.

அந்த நாற்காலியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். கவுண்டரின் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் இருப்பவனுக்கு எதிரில் நிற்பவரின் முகம் பெரும்பாலும் தெரியாது. சிறிய திறப்பின் வழியே ஒரு கை உள்ளே வரும். கூடவே ஒரு குரல் வரும். மணியார்டர் பாரத்தை எழுதித் தரச் சொல்லும் கிழவியின் குரல் மகன் பெயரைச் சொல்லும்போது எந்த இடத்தில் தணிகிறது, பதில் வராத கடிதத்தைப் பற்றி நாலாவது முறையாகக் கேட்பவர் எந்தச் சொல்லில் தயங்குகிறார் என்பதெல்லாம் நாளடைவில் காதுக்குப் பழகிவிடும். மை ஒற்றி முத்திரை குத்திக்கொண்டே, தலை நிமிராமலே, ஆள் யாரென்று சொல்லிவிடலாம். பேடியின் மனிதர்கள் அவ்வளவு துல்லியமாகப் பேசுவதற்கு அந்தப் பத்தாண்டுகளும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இலக்கிய விமரிசகர்கள் வேறு காரணம் சொல்லலாம். தபால்காரனான எனக்குத் தோன்றுவது இது.

இப்படிக் காதால் பழகியவருக்கு வானொலி வாய்த்தது ஏதோ ஏற்பாடு செய்தாற்போல் அமைந்தது. 1940களின் தொடக்கத்தில் அகில இந்திய வானொலி உருது எழுத்தாளர்களின் கூடாரமாகவே இருந்தது. நிறுவனத்தின் தலைமையில் இருந்தவர் பத்ரஸ் புகாரி. அவரே உருதுவின் பெயர்பெற்ற நகைச்சுவை எழுத்தாளர். டில்லி நிலையத்தில் மண்டோ ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் நூற்றுக்கும் அதிகமான வானொலி நாடகங்களைத் தட்டச்சுப் பொறியிலேயே எழுதித் தள்ளினார். கிருஷண் சந்தரும் உபேந்திரநாத் அஷ்க்கும் அதே இடத்தில் இருந்தார்கள். பேடி லாகூர் நிலையத்துக்காக எழுதினார்; மண்டோவின் வேகம் அவரிடம் கிடையாது. எழுதுவதற்கு முன்னும் யோசிக்கிறாய், எழுதும்போதும் யோசிக்கிறாய், எழுதி முடித்த பின்னும் யோசிக்கிறாய் என்று மண்டோ அவரைக் குறை சொன்னதும், சீக்கியர்கள் வேறு எப்படி இருந்தாலும் நல்ல கைவினைஞர்கள் என்ற பொருளில் பேடி பதில் சொன்னதும் உருது வாசகர் எல்லாரும் அறிந்த செய்தி. தச்சன் இழைத்த பலகையைத் தடவிப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு வாக்கியத்தையும் தடவிப் பார்த்து எழுதியவர் அவர்.

அவருடைய நாடகங்கள் ‘பேஜான் சீஸேன்’ (1943), ‘சாத் கேல்’ (1946) என்று இரு நூல்களாக வந்தன. முதல் பெயருக்கு ‘உயிரற்ற பொருள்கள்’ என்றும், இரண்டாவதற்கு ‘ஏழு நாடகங்கள்’ என்றும் பொருள் சொல்லலாம். இவற்றுள் ‘நகல்-ஏ-மகானி’, அதாவது ‘வீடு மாற்றம்’, 1944இல் லாகூர் வானொலியில் ஒலிபரப்பான நாடகம். கதை மிகச் சிறியது. ஒரு நடுத்தரக் குடும்பம் புதிதாக ஒரு வீட்டுக்குக் குடிபோகிறது. வாடகை கட்டுப்படியாகிறதே என்று மகிழ்ந்து பாத்திரம் பண்டங்களை இறக்கி வைக்கிறார்கள். அந்த வீட்டில் முன்பு குடியிருந்தவள் ஆடல் பாடலால் பிழைத்த ஒரு பெண் என்பது பிறகுதான் தெரிகிறது. அவளைத் தேடி வருகிறவர்களுக்கு அவள் காலி செய்துவிட்டுப் போனது தெரியாது. அவர்கள் வந்து வந்து கதவைத் தட்டுகிறார்கள்.

மேடையில் இதை நடத்த வேண்டுமானால் கதவும் படிக்கட்டும் சுவரும் வேண்டும். வானொலியில் இவை எதுவும் தேவையில்லை. படியேறி வரும் செருப்புச் சத்தம், ஒரு நொடி நிசப்தம், பிறகு கதவு தட்டும் ஓசை, அவ்வளவே போதும். முதல் தட்டு சாதாரணமாகக் கேட்கும். இரண்டாம் தட்டில் கணவனின் குரல் மாறும். அதற்குப் பின் தட்டு விழாத நேரங்களிலும் கேட்பவன் அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பான். ஒழுக்கமான ஒரு குடும்பத்தின் மேல் ஊர் ஒட்டவைக்கும் சந்தேகம் எப்படிச் சிறிது சிறிதாகக் கணவன் மனைவிக்கு நடுவிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதைப் பேடி ஓர் ஓசையை வைத்தே சொல்லிவிட்டார். 1939 முதல் திருச்சி வானொலியையும் அதற்கு முந்திய ஆண்டு முதல் சென்னை வானொலியையும் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் நம்மிடையே இருந்தன. இரவு நாடகத்துக்காக விளக்கைத் தணித்துவிட்டு வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்த வீடுகளில் பிறந்தவர்களுக்கு இந்தக் கலை எவ்வளவு கடினமானது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நாடகத்தை அவர் கைவிடவே இல்லை. இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1970இல், அதையே ‘தஸ்தக்’ என்ற திரைப்படமாகத் தாமே இயக்கினார். தஸ்தக் என்றால் கதவு தட்டுதல். படத்தில் பம்பாய்க்கு வந்து சேரும் இளந்தம்பதியர் ஹமீத், சல்மா. சல்மாவுக்குப் பாட வரும். ஆனால் அந்த வீட்டில் அவள் வாய் திறந்து பாடினால் தெரு வேறு விதமாக அர்த்தம் செய்துகொள்ளும். ஒரு பெண் தன் சொந்த வீட்டுக்குள் பாட முடியாமல் போவதைவிடப் பெரிய சிறை வேறு என்ன இருக்கிறது? அந்தப் படத்துக்காகச் சஞ்சீவ் குமார் சிறந்த நடிகருக்கான ‘பாரத்’ விருதும், ரெஹானா சுல்தான் சிறந்த நடிகைக்கான ‘ஊர்வசி’ விருதும், மதன் மோகன் சிறந்த இசைக்கான தேசிய விருதும் பெற்றார்கள். (அதற்கு அடுத்த ஆண்டுக்கான ‘பாரத்’ விருதுதான் ‘ரிக்சாக்காரன்’ படத்துக்காக எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது என்பது தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கும்.) ஆக, ‘திரைப்படக்காரர்’ என்று நாம் நினைவு வைத்திருக்கும் பேடியின் மிகச் சிறந்த படமே ஒரு வானொலி நாடகம்.

கட்டுரையின் பொருள் பிரிவினை என்பதால் ‘லாஜ்வந்தி’ கதையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். லாஜ்வந்தி என்பது நம் தொட்டாற்சிணுங்கிச் செடி. தொட்டால் வாடிவிடும் என்று அந்தச் செடியைப் பற்றிய ஒரு பஞ்சாபி நாட்டுப்பாடல் கதை முழுவதும் ஒலிக்கிறது. கதையில் வரும் மனைவியின் பெயரும் அதுவே. பிரிவினையின்போது இரு பக்கமும் பெண்கள் பல்லாயிரக்கணக்கில் கடத்தப்பட்டார்கள். அவர்களை மீட்டு ஒப்படைக்க இரு அரசுகளும் 1947 டிசம்பரில் உடன்பாடு கண்டன; 1949இல் இந்தியாவில் அதற்கென ஒரு சட்டமே இயற்றப்பட்டது; அடுத்த சில ஆண்டுகளில் இரு பக்கமுமாக ஏறத்தாழ 30,000 பெண்கள் மீட்கப்பட்டார்கள். மீட்கப்பட்டவர்களைக் கணவன்மாரும் பெற்றோரும் ஏற்க மறுத்த கொடுமையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். பேடி எழுதியது ஏற்றுக்கொண்ட ஒருவனின் கதை. அதனால்தான் அது மற்றவற்றைவிட ஆழமாகத் தைக்கிறது.

சுந்தர்லால் தன் மனைவி லாஜ்வந்தியைப் பறிகொடுத்தவன். முன்பு அவளை அடித்து நொறுக்கியவன். இப்போது அதை எண்ணி வருந்துகிறான். மீட்கப்பட்ட பெண்களை ‘நெஞ்சில் குடியேற்றுங்கள்’ என்று விடியற்காலையில் பாடிக்கொண்டு ஊர்வலம் போகும் குழுவுக்கு அவனே செயலாளர். கோயிலில் இராமன் சீதையைக் கைவிட்ட கதையைப் பெரியவர் ஒருவர் நியாயப்படுத்திப் பேசும்போது, சீதை செய்த குற்றம் என்ன என்று எல்லாருக்கும் எதிரே எழுந்து கேட்கிறான். (இராமன் சீதையைத் தீக்குளிக்க வைத்ததைக் கேட்ட அகலிகையைத் திரும்பவும் கல்லாக்கிய புதுமைப்பித்தனைப் படித்த நமக்கு அந்தக் கேள்வி அந்நியமானதன்று.) ஒருநாள் லாஜ்வந்தியே வாகா எல்லை வழியாகத் திரும்பி வந்துவிடுகிறாள். இளைத்துக் கறுத்துப் போயிருப்பாள் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். அவளோ நிறம் தெளிந்து, உடல் சற்றுப் பூசினாற்போல் நிற்கிறாள். துப்பட்டாவை முஸ்லிம் பெண்களைப் போல் போர்த்தியிருக்கிறாள். அந்த ஒரு பார்வையில் அவனுக்குள் ஏதோ சுருக்கென்கிறது. இருந்தும் ஒரு கடுஞ்சொல் சொல்லாமல் அழைத்துப் போகிறான். அன்று முதல் அவளை ‘தேவி’ என்றே விளிக்கிறான்.

அவள் தனக்கு நேர்ந்ததையெல்லாம் அவனிடம் சொல்லி அழ விரும்புகிறாள். அவன் கேட்கத் தயாராக இல்லை. நடந்ததை மறந்துவிடுவோம் என்று அன்போடு வாயை அடைத்துவிடுகிறான். முன்பு காய்கறிக்காகச் சண்டை போட்டு, அடுத்த நொடியே சமாதானமாகும் ‘லாஜோ’வாக மறுபடியும் ஆக வேண்டும் என்பதுதான் அவள் ஏக்கம். அவனோ அவளைக் கண்ணாடிப் பொருள்போல் பீடத்தில் வைத்துவிட்டான். அவள் மறுபடியும் குடியேறினாள், ஆனாலும் குடிபெயர்ந்தவளாகவே நின்றாள் என்ற பொருளில் பேடி எழுதும் இடத்தைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ‘வீடு மாற்றம்’ எழுதியபோது ஒரு வீட்டுக்குள் புகுந்தும் குடியேற முடியாதவர்களைப் பற்றி எழுதினார். மூன்றே ஆண்டுகளில் ஒரு மாநிலம் முழுவதும் வீடு மாற்ற நேர்ந்தது. லாகூரை விட்டு வந்தவர்களில் அவரும் ஒருவர். அதன் பிறகு அதே கேள்வியை ஒரு பெண்ணின் நெஞ்சை வைத்து மீண்டும் கேட்டிருக்கிறார்.

பிற கதைகளையும் ஓரிரு சொற்களிலாவது குறிப்பிடாமல் இருக்க மனம் வரவில்லை. ‘போலா’ என்ற தொடக்க காலக் கதையில், பகலில் கதை சொன்னால் வழிப்போக்கர்கள் வழி தவறிவிடுவார்கள் என்ற நம்பிக்கை வருகிறது. பேரனின் தொல்லை தாங்காமல் தாத்தா நண்பகலில் கதை சொல்லிவிடுகிறார். ரக்ஷா பந்தனுக்கு வர வேண்டிய மாமன் இருட்டியும் வந்து சேரவில்லை. தன்னால்தான் மாமன் வழி தவறினார் என்று எண்ணிக்கொண்ட சிறுவன், விளக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் புறப்பட்டுப் போய்விடுகிறான். ‘கரம் கோட்’ கதையில் கிழிந்த கோட்டு அணிந்த ஒரு குமாஸ்தா, வீட்டுச் செலவுக்கென வைத்திருந்த பத்து ரூபாய் நோட்டைத் தொலைத்துவிட்டு உயிரை விடவும் துணிகிறான். நோட்டு பை ஓட்டை வழியே கோட்டின் உட்துணிக்குள் நழுவியிருக்கிறது. பிள்ளைகளுக்கும் தனக்கும் வாங்கக் கடைக்குப் போன மனைவி, கடைசியில் அந்தப் பணத்தில் கணவன் கோட்டுக்குத் துணி எடுத்துக்கொண்டு திரும்புகிறாள். மாதக் கடைசியில் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் அந்தக் கதை சொந்தக் கதை. ‘குவாரன்டீன்’ கதையில் பிளேக் நோயைவிட நோயாளிகளை அடைத்துவைக்கும் முகாமைக் கண்டு மக்கள் அதிகம் அஞ்சுகிறார்கள். எவரும் தொடத் தயங்கும் நோயாளிகளைத் தூக்கிச் செல்பவன் ஒரு துப்புரவுத் தொழிலாளி. கொரோனாவைக் கடந்து வந்த நாம் அதை இன்று படித்தால் கை நடுங்கும்.

‘ஏக் சாதர் மைலீ சீ’ என்ற குறுநாவலுக்கு 1965இல் உருது மொழிக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. குதிரை வண்டிக்காரக் கணவன் கொலையுண்ட பிறகு, தான் பிள்ளையைப்போல் வளர்த்த கொழுந்தனையே மணக்கும்படி ஊர் கட்டாயப்படுத்தும் ரானோவின் கதை அது. 1972இல் பத்மஸ்ரீ வந்தது. திரைப்பணியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ‘தேவதாஸ்’ (1955), ‘மதுமதி’ (1958), ‘சத்யகாம்’ (1969), ‘அபிமான்’ (1973) ஆகியவற்றின் வசனங்கள் அவருடையவை. ‘மிர்ஸா காலிப்’ (1954) படத்தில் கதை மண்டோவுடையது, வசனம் பேடியுடையது. அப்போது மண்டோ லாகூரிலும் பேடி பம்பாயிலும் இருந்தார்கள். எல்லை கோடு போட்ட பின்னும் இருவரின் பெயரும் ஒரே திரையில் வந்ததை நினைக்க எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

கட்டுரையில் அவரை ‘இந்தி’ எழுத்தாளராகக் காட்டியதையும் திருத்த வேண்டும். பேடி தாய்மொழியால் பஞ்சாபி, சமயத்தால் சீக்கியர், எழுத்தால் உருதுக்காரர். அவருடைய உருதுவில் பஞ்சாபி வாடை அடிக்கிறது என்று மொழித் தூய்மை பேசியவர்கள் குறை கூறினார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. இராமாயணமும் புராணமும் கிரகணமும் சீக்கிய குருமார்களின் வாக்கான குருபாணியும் அவருடைய உருதுவுக்குள் இயல்பாகப் புழங்குகின்றன. கோபிசந்த் நாரங் போன்ற உருது விமரிசகர்கள் அவருடைய கதைகளின் தொன்ம வேர்களைப் பற்றித் தனியே எழுதியிருக்கிறார்கள். உருது ஒரு சமயத்தாரின் மொழி என்ற எண்ணம் வலுத்துவரும் இந்நாளில், பேடியை ‘இந்தி’க்காரராக மாற்றிவிடுவது தெரியாமல் செய்த பிழையே என்றாலும், அது அந்த எண்ணத்துக்குத் துணைபோகிறது.

கடைசி ஆண்டுகள் அவருக்கு நல்லவையாக அமையவில்லை. பக்கவாதம் தாக்கியது; திரைப்பட இயக்குநரான மகன் நரேந்திர பேடி 1982இல் தந்தைக்கு முன்பே மறைந்தார். 1984 நவம்பரில், டில்லியில் சீக்கியர்கள் கொல்லப்பட்டுச் சில நாள்களே ஆன நிலையில், பேடி பம்பாயில் காலமானார்.

தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. அடுத்த ஞாயிறு இணைப்பில், ராஜிந்தர் சிங் பேடி உருது நாடகாசிரியர், சிறுகதையாசிரியர் என்ற திருத்தத்தை வெளியிட வேண்டும். அந்த இணைப்பிலேயே ‘லாஜ்வந்தி’க்கு, உரிமம் பெற்று, ஒரு முழுப்பக்கம் ஒதுக்க இயலுமா என்றும் ஆராய வேண்டும். ‘வீடு மாற்றம்’ நாடகத்தைத் தமிழில் ஒலிபரப்ப வானொலி நண்பர்கள் எவரேனும் முன்வந்தால், தேவநாகரி எழுத்தில் உள்ள பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. சில பக்கங்களின் ஓரத்தைச் செல் அரித்திருந்தாலும் எழுத்துகள் தெளிவாக இருக்கின்றன. தங்கள் அலுவலகத்திலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தால் போதும். முழுவதையும் நகலெடுத்து மறுநாளே விரைவுத் தபாலில் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியன்,
திருச்சிராப்பள்ளி.